எல்லாம் புரியும், பேசத்தான் வராது: மரபு மொழியும் அதை ஆராய்பவர்களும்

"எல்லாம் புரியும், பேசத்தான் வராது." வெளிநாட்டில் வளரும் பிள்ளையைப் பற்றி அம்மாவும் அப்பாவும் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்வது இது. பாட்டி தமிழில் கேட்பார், பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், பேச்சு தடங்கல் இல்லாமல் ஓடும். அந்தப் பேத்திக்குத் தெரிந்த தமிழ் எப்படிப்பட்டது? பாட்டியின் தமிழில் பாதியா, அல்லது தனக்கென்று விதிகள் கொண்ட வேறொரு தமிழா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட மொழியியலாளர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் என்ன படிக்கிறார்கள், எப்படி வேலை செய்கிறார்கள், இதுவரை என்ன தெரிந்துகொண்டார்கள் என்பதைப் பார்க்கலாம்.

வீட்டில் ஒரு மொழி, வெளியே பள்ளியிலும் தெருவிலும் வேறொரு மொழி என்று வளரும் பிள்ளைக்கு அந்த வீட்டு மொழிதான் மரபு மொழி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் குவாடலூப்பே வால்டெஸ் அமெரிக்கச் சூழலை மனத்தில் வைத்துக் கொடுத்த விளக்கம் இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படுகிறது: ஆங்கிலம் அல்லாத மொழி பேசும் வீட்டில் வளர்ந்தவர், அந்த மொழியைப் பேசுபவர் அல்லது குறைந்தபட்சம் புரிந்துகொள்பவர், ஓரளவுக்காவது இருமொழியாளர். இந்த விளக்கத்துக்குள் சரளமாகப் பேசுகிறவரும் வருகிறார், வாயே திறக்காமல் புரிந்து மட்டும் கொள்கிறவரும் வருகிறார். இத்தனை பேரை ஒரே பெயரின் கீழ் சேர்த்ததுதான் இந்த விளக்கத்தின் பலம் என்று நினைக்கிறேன். பேச வராதவரையும் அது அந்த மொழிக்காரர் என்றே கணக்கில் எடுக்கிறது.

மரபு மொழிக்காரரை, அதே மொழியைப் பெரியவரான பிறகு வகுப்பில் கற்பவரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மதுரையில் ஆறு மாதம் தங்கித் தமிழ் படிக்கும் ஜெர்மானிய மாணவர் வேற்றுமை உருபு அட்டவணையை மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் "பாத்துப் போ" என்று யாராவது சொன்னால் எதைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று யோசிப்பார். டொராண்டோவில் வளர்ந்த பிள்ளைக்கு உருபு என்ற சொல்லே தெரியாது, ஆனால் "பாத்துப் போ" உடனே புரியும். இரண்டு பேரும் தமிழில் தடுமாறுவார்கள், தடுமாறும் இடங்கள்தான் வேறு.

நார்வே வீட்டுப் பிள்ளை ஒருவர்

இந்தத் துறையின் முன்னோடிகளில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஐனார் ஹாகன். 1906இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நார்வேயிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். வீட்டில் பெற்றோரின் ஊர் வட்டார வழக்கு, வெளியே ஆங்கிலம். பின்னாளில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்காண்டிநேவிய மொழிகளுக்கான பேராசிரியரானார். தன்னைப் போன்றவர்கள் பேசிய மொழியையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, பண்ணை வீடுகளுக்குப் போய் மக்களின் பேச்சைப் பதிவு செய்தார். அதன் முடிவுகள் 1953இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன.

அந்தக் காலத்தில் நார்வேயிலிருந்து வந்து பார்த்த படித்தவர்களுக்கு அமெரிக்க நார்வேஜியன் கெட்டுப்போன மொழியாகத்தான் பட்டது. ஆங்கிலச் சொற்கள் அவ்வளவு கலந்திருந்தன. ஹாகன் அந்தக் கலப்பை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார். வயல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லான 'ஃபீல்டு' அவர்கள் வாயில் 'ஃபீல்' ஆகியிருந்தது. 'அந்த வயல்' என்று சொல்ல நார்வேஜிய விகுதி சேர்ந்து 'ஃபீலா' ஆனது. சொல்தான் ஆங்கிலம், அது ஆண்பாலா பெண்பாலா என்று வகுத்ததும் விகுதி சேர்த்ததும் நார்வேஜிய இலக்கணம். நாம் 'பஸ்ஸுல வந்தேன்', 'காரை பார்க் பண்ணு' என்று சொல்லும்போது நடப்பதும் இதேதான். 'பஸ்' வெளியூர்ச் சொல், 'உல' நம்முடையது. வாக்கியத்தின் எலும்பு தமிழாகவே இருக்கிறது.

ஹாகன் பதிவு செய்த சமூகத்தின் கதை அதோடு முடியவில்லை. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான்னே பொண்டி யோஹானசன் 2010 முதல் தன் குழுவோடு அதே பகுதிகளுக்குப் போனார். நார்வேயைக் கண்ணாலேயே பார்க்காமல், சிறுவயதில் வீட்டில் கேட்ட நார்வேஜியனை முதுமை வரை வைத்திருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். தங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழியைக் கொடுக்காத தலைமுறை அது. ஒரே சமூகத்தின் பேச்சு, பல பத்தாண்டு இடைவெளியில் இரண்டு முறை பதிவானது. மரபு மொழி ஆய்வில் இப்படிப்பட்ட வாய்ப்பு லேசில் கிடைக்காது.

காது எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும்?

சரி, ஒரு மொழி தேயும்போது எது முதலில் போகும், எது கடைசி வரை நிற்கும்? ஆய்வுகளைப் பார்த்தால் பொதுவாக ஒலி நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது.

இதற்கு நம் காதுக்குப் பழக்கமான ஒரு உதாரணம் இருக்கிறது. 'பத்து', 'பட்டு' என்ற இரண்டு சொற்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்றில் நாக்கு பல்லைத் தொடுகிறது, இன்னொன்றில் மேலே மடிந்து அண்ணத்தைத் தொடுகிறது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த பெரியவருக்கு இந்த வேறுபாட்டைப் பிடிப்பது பெரும் கஷ்டம். இந்தியிலும் இதே வேறுபாடு உண்டு. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வீட்டுக் குழந்தைகள்கூட ஆறு முதல் எட்டு மாத வயதில் இந்தி ஒலிகளின் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்கிறார்கள் என்று தெரிந்தது. பத்து, பன்னிரண்டு மாதம் ஆகும்போது அந்தத் திறமை பெரும்பாலும் போய்விடுகிறது. குழந்தை தன் வீட்டுக்குத் தேவையான ஒலிகளில் கவனத்தைக் குவிக்கத் தொடங்கிவிடுகிறது.

அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. கைக்குழந்தைப் பருவத்தில் மட்டும் இந்தியைக் கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்கள் பெரியவர்களாகி இந்தி வகுப்பில் சேர்ந்தார்கள். முன்பின் இந்தி கேட்டிராத சக மாணவர்கள் திணறிய அந்த ஒலி வேறுபாட்டை இவர்கள் எளிதாகப் பிடித்துக்கொண்டார்கள். பேச ஒரு வார்த்தை தெரியாது. காது மட்டும் வேலையைச் செய்து வைத்திருந்தது.

2014இல் மாண்ட்ரியாலில் இதை மூளைப் படத்திலேயே பார்த்தார்கள். சீனாவில் பிறந்து, ஒரு வயது வாக்கில் பிரெஞ்சு பேசும் குடும்பங்களுக்குத் தத்துப் போன சிறுமிகள். சீனம் சுத்தமாக மறந்துவிட்டது. ஒன்பது முதல் பதினேழு வயதுக்குள் அவர்களுக்குச் சீனமொழியின் தொனி ஒலிகளை (குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் ஒலிகளை) கேட்கச் செய்தபோது, அவர்கள் மூளை சீனமும் பிரெஞ்சும் பேசுகிற பிள்ளைகளின் மூளையைப் போலவே இயங்கியது. பிரெஞ்சு மட்டும் தெரிந்த பிள்ளைகளிடம் அந்த இயக்கம் இல்லை. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும்: பிரான்சுக்குத் தத்துப் போன கொரியர்களை வைத்து 2003இல் வந்த ஓர் ஆய்வில் பழைய மொழியின் தடம் எதுவும் தெரியவில்லை. ஆகவே தடம் எப்போது நிற்கும், எதைக் கேட்டுப் பார்த்தால் தெரியும் என்பது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் விவாதம்.

லாஸ் ஏஞ்சலிஸில் டெர்ரி ஆவ் குழுவினர் 2002இல் கண்டதும் இதை ஒட்டியதே. சிறுவயதில் சுற்றி இருந்தவர்கள் ஸ்பானிஷ் பேசுவதைக் காதில் வாங்கியவர்கள், கல்லூரியில் ஸ்பானிஷ் படித்தபோது உச்சரிப்பில் முந்திச் சென்றார்கள். இலக்கணத்தில் அந்த லாபம் இல்லை. "பேசத்தான் வரலையே, நாம ஏன் தமிழ்ல பேசணும்" என்று சலித்துப்போகும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் செய்தி இதுதான்.

நாயா துரத்தியது, பூனையா துரத்தியது?

இலக்கணத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. இங்கே மரியா பொலின்ஸ்கியின் ஆய்வுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரஷ்யாவில் படித்து முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா வந்தவர். சான் டியாகோ, ஹார்வர்டு, மேரிலாந்து என்று பல பல்கலைக்கழகங்களில் பணியாற்றியவர். காகசஸ் மலைப்பகுதி மொழிகள், மடகாஸ்கர் மொழி என்று பலவற்றில் உழைத்தவர், தன் தாய்மொழியான ரஷ்யனை அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் உன்னிப்பாகக் கவனித்தார்.

ரஷ்யனில் பெயர்ச்சொற்களுக்கு ஆண், பெண், அலி என்று மூன்று பால். அமெரிக்காவில் வளர்ந்தவர்களில் ரஷ்யன் நன்றாக வருபவர்களிடம் மூன்றும் இருந்தன. அவ்வளவாக வராதவர்களிடம் இரண்டே இரண்டு. மெய்யில் முடிந்தால் ஆண்பால், உயிரில் முடிந்தால் பெண்பால், தீர்ந்தது. அலிப்பால் சொற்களில் பல பெண்பாலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. ஏன் அங்கே போயின? ஆப்பிளுக்கான ரஷ்யச் சொல்லை எழுதும்போது கடைசியில் 'ஓ' வரும். பேசும்போது அது மழுங்கி 'யாப்லகா' என்று ஆகாரம் போல ஒலிக்கும், பெண்பால் சொற்களின் முடிவைப் போலவே. ரஷ்ய எழுத்துப் படித்த பிள்ளை புத்தகத்தில் அந்த 'ஓ'வைப் பார்க்கும். வீட்டில் காதால் மட்டுமே மொழியைப் பெற்ற பிள்ளைக்கு அதைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. கேட்ட ஒலியை வைத்து அது போட்ட கணக்கு மிகச் சரியானது. தவறு என்று சிவப்பு மையால் அடிக்கும் இடத்தில் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் காட்டுவதுதான் இந்த ஆய்வாளரின் வேலை.

பொலின்ஸ்கியின் இன்னொரு ஆய்வு 2011இல் வந்தது. அதைத் தமிழ் உதாரணம் வைத்தே சொல்கிறேன். 'நாயைத் துரத்திய பூனை' என்றால் துரத்தியது பூனை. 'நாய் துரத்திய பூனை' என்றால் துரத்தியது நாய். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு 'ஐ' உருபுதான் வித்தியாசம். பேச்சில் அது இன்னும் தேய்ந்து, 'நாயெ தொரத்துன பூன', 'நாய் தொரத்துன பூன' என்று ஒரு குறில் அளவுக்கு வந்துவிடும். ரஷ்யனிலும் யார் துரத்தினார்கள் என்பதை வேற்றுமை வடிவம்தான் காட்டும். பொலின்ஸ்கி இரண்டு படங்களைக் காட்டி, வாக்கியத்தைச் சொல்லி, எந்தப் படம் என்று கேட்டார்.

சிறு பிள்ளைகள், பெரியவர்கள் என இரு வயதினரிடமும் கேட்டதுதான் இந்த ஆய்வின் சிறப்பு. அமெரிக்காவில் வளரும் சிறு பிள்ளைகள் ரஷ்யாவில் வளரும் பிள்ளைகளைப் போலவே சரியாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் வளர்ந்த பெரியவர்களோ 'நாய் துரத்திய பூனை' வகையில் பூவா தலையா போட்டது போலத்தான் பதில் சொன்னார்கள். 'நாயைத் துரத்திய பூனை' வகையில் சிக்கல் இல்லை. அதாவது, சிறுவயதில் அந்த இலக்கணம் வந்து சேர்ந்திருக்கிறது. பிறகு வருடக்கணக்கில் புழங்காமல் உருமாறியிருக்கிறது. கற்காமலே விட்டது வேறு, கற்றது உருமாறிப்போனது வேறு. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் வேறு வேறு வயதினரை ஒப்பிட்டாக வேண்டும். ஒரு இருபது வயதுக்காரரை மட்டும் உட்கார வைத்து "உனக்கு இது வரவில்லை" என்று எழுதிக்கொண்டு போனால் காரணம் பிடிபடாது.

எல்லாமே ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நவோமி நாகி நடத்தும் திட்டத்தில் கான்டனீஸ், இத்தாலியன், ரஷ்யன், உக்ரைனியன் உள்ளிட்ட பல மொழிகளைத் தலைமுறை வாரியாகப் பதிவு செய்து ஒப்பிடுகிறார்கள். தமிழில் 'வந்தேன்' என்றாலே போதும், 'நான்' தேவையில்லை. இத்தாலியனும் ரஷ்யனும் கான்டனீஸும் இப்படி எழுவாயை விட்டுவிடக்கூடியவை, ஆங்கிலம் விடாது. கனடாவில் பிறந்த தலைமுறை ஆங்கிலம் போல ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நான், நான்' என்று போடத் தொடங்கியிருக்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படி நடக்கவில்லை. பாட்டிமார் விட்ட அளவுக்கே பேத்திகளும் விட்டார்கள்.

யாரோடு ஒப்பிடுவது?

இங்கேதான் துறைக்குள்ளேயே பெரிய சண்டை. இலினாய் பல்கலைக்கழகத்தின் சில்வினா மோன்ட்ருல், மரபு மொழிக்காரரின் இலக்கணம் இப்படி வேறுபடுவதை 'முழுமை பெறாத கற்றல்' என்ற பெயரில் 2008இல் விரிவாக விளக்கினார். அந்தப் பெயருக்கு எதிர்ப்பு எழுந்தது. டான்யா குபிஷும் ஜேசன் ராத்மனும் 2018இல் எழுதிய கட்டுரையில், வேறுபாடு என்பது குறைபாடு ஆகாது என்று வாதிட்டார்கள். அந்தப் பிள்ளை தனக்குக் கிடைத்த பேச்சை வைத்து முழுமையான ஒரு இலக்கணத்தைத்தான் கட்டியிருக்கிறது. கிடைத்த பேச்சே வேறு என்றால், கட்டிய இலக்கணமும் வேறாகத்தானே இருக்கும்? என் மனமும் இவர்கள் பக்கம்தான்.

தமிழுக்கு இந்த வாதம் இரட்டிப்பாகப் பொருந்தும். நம்மிடம் பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் தனித்தனி. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வளரும் பிள்ளை வீட்டில் கேட்பது யாழ்ப்பாணப் பேச்சு. அதனிடம் போய் 'செல்கிறேன்', 'உண்கிறேன்' வருகிறதா என்று சோதித்துவிட்டுத் தமிழ் தெரியவில்லை என்று முடிவு கட்டுவது, கேட்டே இராத ஒன்றை மறந்துவிட்டதாகச் சொல்வதற்குச் சமம். 'செல்கிறேன்' பள்ளிக்கூடமும் புத்தகமும் தரும் தமிழ். அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கே அது பள்ளியில்தான் வந்தது. அதனால் கவனமான ஆய்வாளர் முதலில் பெற்றோரைப் பேச வைத்துப் பதிவு செய்வார். பிறகுதான் பிள்ளை.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி பாடத்திட்டம் வரைக்கும் போனது. அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடம். ஆனால் வீட்டில் பேசப்படும் மொழி வேகமாக மாறிவருகிறது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசும் இந்தியர்கள் 2010இல் சுமார் 42 சதவீதம், 2020இல் சுமார் 59 சதவீதம். 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுத்துத் தமிழை மட்டும் கற்றுக் கொடுத்தால், பிள்ளைக்கு அந்தத் தமிழில் பேச ஆளே கிடையாது. பாட்டியோடு 'செல்கிறேன்' என்று யார் பேசப் போகிறார்கள்?

நாள்தோறும் என்ன வேலை?

பெரும்பகுதி கேட்பதும் எழுதுவதும்தான். ஒரு குடும்பத்தைச் சந்தித்து, ஆய்வு நெறிக்குழுவின் அனுமதியையும் குடும்பத்தின் சம்மதத்தையும் வாங்கி, பேச்சைப் பதிவு செய்வார்கள். சும்மா "தமிழ்ல பேசுங்க" என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் எழுத்தே இல்லாத படக்கதையைக் கையில் கொடுத்துக் கதை சொல்லச் சொல்வது இத்துறையில் பழைய வழக்கம். எல்லோரும் ஒரே கதையைச் சொல்வதால் ஒப்பிடவும் எளிது. நிமிடத்துக்கு எத்தனை சொல் வருகிறது என்பதுகூட ஒரு நல்ல அளவுகோல். வேகம் குறைந்தவர்களிடம் இலக்கணமும் தளர்ந்திருப்பதைப் பொலின்ஸ்கியும் ஓல்கா ககனும் கவனித்திருக்கிறார்கள்.

அப்புறம் பதிவை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். தயக்கம், 'ம்ம்', பாதியில் நின்ற சொல், நடுவில் வந்த ஆங்கிலம் எல்லாம் எழுத்தில் வர வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுதப் பல மணி நேரம் பிடிக்கும். இதற்கு ஈலான் என்ற மென்பொருளும், ஒலியை அளக்க ஆம்ஸ்டர்டாமில் உருவான ப்ராட் என்ற மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ப்ராட்டில் என்ன அளப்பார்கள்? உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ஆங்கிலத்தில் 'பின்' என்று சொல்லுங்கள், ஆங்கிலேயர் சொல்வது போல. காற்று கையில் வந்து மோதும். இப்போது தமிழில் 'பால்' என்று சொல்லுங்கள். மோதாது, அல்லது மிகக் குறைவாக மோதும். உதடு திறந்த நொடிக்கும் குரல்நாண் அதிரத் தொடங்கும் நொடிக்கும் உள்ள இடைவெளிதான் இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது. திரையில் ஒலி அலையைப் பெரிதாக்கி, உதடு திறந்த இடத்தில் ஒரு கோடு, அதிர்வு தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டால் இடைவெளி மில்லி விநாடியில் வந்துவிடும். இப்படி ஆயிரக்கணக்கான சொற்களை அளந்து பார்த்துத்தான், டொராண்டோவில் ரஷ்யனும் உக்ரைனியனும் தலைமுறைக்குத் தலைமுறை ஆங்கிலத்தின் பக்கம் நகர்கின்றன, இத்தாலியன் நகரவில்லை என்று நாகியும் அலெக்ஸி கோசெடோவும் சொன்னார்கள். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஒத்துவராது. ஒலி அலையில் ஒரு தலைமுறையின் நகர்வு கண்ணுக்குத் தெரியும்போது அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்துவிடும்.

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்? மொழியியலில் முதுகலை, பிறகு முனைவர் பட்டம் என்பது வழக்கமான பாதை. தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் துறை உண்டு. ஐதராபாத் பல்கலைக்கழகமும் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இருக்கின்றன. இளங்கலையில் தமிழ், ஆங்கிலம், உளவியல், கணினி எது படித்திருந்தாலும் மொழியியலுக்குள் வந்தவர்கள் உண்டு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். இன்றைய ஆய்வுக் கட்டுரையில் பாதி அதுதான்.

எல்லோருக்கும் பேராசிரியர் வேலை கிடைக்காது, அதை மறைக்க வேண்டியதில்லை. பாடநூல் தயாரிப்பு, மொழித் தேர்வு வடிவமைப்பு, பேச்சு உணரும் கணினிக் கருவிகள், மொழிக்கொள்கை என்று வேறு இடங்களிலும் இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது. அவற்றில் பேச்சுப் பயிற்சி மருத்துவத்தோடு சேர்ந்து செய்யும் வேலையை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்து, நான்கு வயதில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் பிள்ளை வகுப்பில் பேசாமல் இருக்கும். ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகளுக்காகச் செய்த சோதனையை வைத்து அதற்குப் 'பேச்சுக் குறைபாடு' என்று எழுதிவிடும் ஆபத்து நிஜமானது. உண்மையான மொழிக் குறைபாடு என்றால் அது இரண்டு மொழியிலும் தெரியும். அதனால் வீட்டு மொழியிலும் சோதிக்காமல் முடிவு சொல்லக் கூடாது. இதற்காகவே ஐரோப்பிய ஆய்வாளர்கள் கூடி, பூனை, குஞ்சுப் பறவைகள், ஆட்டுக்குட்டிகள் வரும் படக்கதைச் சோதனை ஒன்றை 2012இல் உருவாக்கினார்கள். பல மொழிகளில் பயன்படுத்தவென்றே அமைத்தது. "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், பிள்ளை குழம்புகிறது" என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருமொழி கேட்பதால் மொழிக் குறைபாடு வருவதில்லை என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது.

இரண்டு மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகும், முதுமையில் மறதி நோய் தள்ளிப்போகும் என்ற செய்தியையும் படித்திருப்பீர்கள். டொராண்டோவின் எலன் பியாலிஸ்டாக் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழியாளர்களிடம் மறதி நோயின் அறிகுறிகள் சுமார் நான்கு ஆண்டு தாமதமாகத் தெரிந்ததாகச் சொன்னார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் சில இதை ஆதரித்தன, சில ஆதரிக்கவில்லை. விவாதம் முடியட்டும். பாட்டியோடு பேசுவதற்கு மூளைக்கூர்மையைக் காரணமாகக் காட்ட வேண்டியதே இல்லை.

தமிழை மரபு மொழியாக வைத்துப் பார்க்கச் செய்யாத வேலை ஏராளமாகக் கிடக்கிறது. மொழியியல் படிக்கும் மாணவர் ஒருவர் சின்ன அளவில் தொடங்கிப் பார்க்க நினைத்தால், வெளிநாட்டில் வளரும் அண்ணன் தங்கை இருவர் உள்ள குடும்பம் ஒன்று போதும். பொதுவாக மூத்த பிள்ளைக்கு வீட்டு மொழி நன்றாக வரும். அது பள்ளிக்குப் போய் ஆங்கிலத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகு வளர்வது இளைய பிள்ளை. நாய், பூனை, பசு, குரங்கு என்று வைத்து, யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பது மாறி மாறி வரும் இருபது ஜோடிப் படங்களை வரைந்துகொள்ளுங்கள். வாக்கியங்களை அந்த வீட்டுப் பேச்சிலேயே எழுதுங்கள்: 'நாயெ தொரத்துன பூன', 'நாய் தொரத்துன பூன'. யாழ்ப்பாண வீடு என்றால் அவர்கள் பேச்சுப்படி. வாக்கியங்களைப் பதிவு செய்யக் குடும்பத்துக்கு வெளியே, அதே வட்டார வழக்கு பேசும் ஒருவரைப் பிடியுங்கள். அம்மா அப்பாவிடம் சம்மதம் வாங்கி, முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள், அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அண்ணன், பிறகு தங்கை, தனித்தனியாக. சரியா தவறா என்று மட்டும் எழுதாமல், எந்தப் படத்தைக் காட்டினார்கள், பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.